திண்ணையும் சட்டமும்

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாது வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தல் குற்றமாகுமா? நம் அயலிலுள்ள தாயொருவர் சென்ற ஆண்டு நம்மிடம் இவ்வாறு வினவினார். நாமும் சற்றும் ஆராயாது "குற்றந்தான் அம்மா" என்று விடை பகர்ந்துவிட்டோம். பின்னர் சட்டத்தைத் தேடிப் படித்தபோது நமது விடை பிழையெனக் கண்டு நாணினோம். அத்தேட்டத்திற் கிடைத்தவற்றை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முற்காலத்து யாழ்ப்பாணத்திலே வீடும் திண்ணையுமே பள்ளிக்கூடங்கள். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின் ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் ஏறினர். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822-1879) சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் ஆகியோரை அடுத்துத் தமிழ் கற்றார்; ஆங்கிலத்தை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் கற்றார். 1816 இல் வந்த அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும், 1824 இல் உடுவிலிற் பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அக்காலத்தில் எங்கே படிப்பிப்பது, படிப்பிப்பதா இல்லையா என்பனவெல்லாம் பெற்றாரின் விருப்பமே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நிலை மாறியது. 1906 இல் நகரப் பாடசாலைகளுக்கும், 1907 இற் கிராமப் பாடசாலைகளுக்கும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. பிள்ளையைக் கற்பித்தல் பெற்றாரின் கடமையென்னும் கருத்து அவற்றோடு சட்டத்துள் நுழைந்தது. அருகிலுள்ள பள்ளிக்கூடம் மிஷன் பள்ளிக்கூடமாயின் சைவப் பெற்றார் என் செய்வர்? நம் முன்னோர் பிள்ளைகளை வீட்டில் மறைத்துவைக்கவில்லை, பள்ளிக்கூடங்களைக் கட்டினர். 1888 இற் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. 1923 இல் அமைந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமந்தோறும் பாடசாலைகளைத் தாபித்தது.

இனி, 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்துக்கு வருவோம். இன்றைய விதிகளுக்கும் இதுவே அடிநிலம். இதன்கீழ் 1997 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றாரின் கடமையென விதித்தன. 2016 இல் மேல்வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் அவ்விதியிலேயே ஒரு விலக்கும் உண்டு. பிள்ளையின் கல்விக்குப் போதியதும் ஏற்றதுமான வேறு ஏற்பாட்டைப் பெற்றார் செய்திருப்பின் அக்கடமை அவரைக் கட்டாது. பழைய திண்ணைக்குச் சட்டம் விட்டுவைத்த சிறு வாசல் இதுவென்போம். எனினும் "போதியது", "ஏற்றது" என்னும் இரு சொற்களும் காவலாளர் போல அவ்வாசலில் நிற்கின்றன. வெறுமனே பள்ளிக்கு நிறுத்திவிடுதல் ஏற்பாடாகாது.

இவ்வாசலை ஏன் அகலத் திறந்துவிடவில்லை? இதற்கு விடை வேண்டின் நமது வரலாற்றின் கசப்பான பக்கத்தைப் புரட்டல் வேண்டும். திண்ணைக் கல்வியின் பெருமையைப் பேசும் நாம், அத்திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் ஏற முடிந்ததா எனக் கேட்பதில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகள் பள்ளியினுள் நுழைந்த பின்னும் வாங்கில் இருக்க விடப்படாது நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சமவாசனம் வழங்க முற்பட்டபோது குடாநாட்டிற் பாடசாலைகள் சில எரியூட்டப்பட்டன. எரித்தவர் அந்நியரல்லர், நம்மவரே. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் அந்நாளிற் சமவாசனத்துக்காகக் குரல் கொடுத்தமை நம் போன்ற இளைஞர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1939 ஆம் ஆண்டுச் சட்டம், சமயம், சாதி, மொழி முதலியன காரணமாக உதவி பெறும் பாடசாலையில் எவருக்கும் அனுமதி மறுக்கலாகாது என்றது. 1945 இற் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆகவே கட்டாயம் என்னும் சொல் சிலருக்குத் தளையாகத் தோன்றினும், வேறு பலருக்கு அதுவே திறவுகோலாயிற்று.

நாம் மிஷன் பாடசாலையிற் படித்தவர்கள். காலையில் அங்கே ஆங்கிலமும் கணிதமும். மாலையில் விளக்கேற்றியபின் அப்பாச்சியின் மடியருகே தேவாரம். ஒன்றையொன்று அழித்ததாக நாம் உணரவில்லை. வீட்டுக் கல்வியும் பள்ளிக் கல்வியும் பகையென்று கொள்வதற்கு நம் அனுபவம் இடந்தரவில்லை.

அத்தாயிடம் மீண்டுஞ் சென்று நம் பிழையை ஒப்புக்கொண்டோம். "வீட்டிற் படிப்பித்தல் குற்றமன்று அம்மா. ஆனால் போதியவாறு படிப்பிக்கின்றீர்கள் எனக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. பிள்ளை பின்னர் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றவும் வழியுண்டு" என்றோம். அவர் சற்று யோசித்து, "தம்பி, எனக்குப் படிப்பிக்கத் தெரியும். தெரியாத தாயின் பிள்ளைக்கு ஆர்?" என்றார். நாம் வாயடைத்து நின்றோம்.

அன்பர்களே! அக்கேள்வியே இச்சட்டத்தின் உயிர். நம் ஊரிலே பள்ளிநேரத்திற் கடற்கரையிலும் தோட்டத்திலும் நிற்கும் பிள்ளை எவரேனும் உளரா? அப்பிள்ளைக்குப் பள்ளியுமில்லை, வீட்டுத் திண்ணையுமில்லை. சட்டத்தின் வரவுக் குழு வந்து பார்க்குமுன் நமது வாலிபர் சென்று பார்த்தல் வேண்டும். ஆளுக்கொரு பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளி வாசலிற் சேர்ப்போமாயின், அன்று நம் முன்னோர் கட்டிய பள்ளிக்கூடங்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.