பேட்டை என்றொரு பெயர்

ஐயம்பேட்டை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, “பாபநாசம் பக்கத்திலே இருக்கே, அதுவா?” என்றுதான். அது தஞ்சாவூர் அய்யம்பேட்டை. நான் எழுதுவது காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஐயம்பேட்டையைப் பற்றி. பக்கத்திலேயே முத்தியால்பேட்டை, கருக்குப்பேட்டை, நத்தப்பேட்டை. நாலு ஊருக்கும் பெயரில் பேட்டை இருப்பது தற்செயல் அல்ல.

பெரிய ஊருக்கோ கோட்டைக்கோ வெளியே, வியாபாரிகளும் தொழில் செய்கிறவர்களும் கூடிய இடத்தைப் பேட்டை என்பார்கள். சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை உண்டல்லவா? 1734இல் கும்பினியின் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. சின்னத் தறிப் பேட்டை என்ற பெயர்தான் அப்படி மருவியது என்பார்கள். 1639இல் பிரான்சிஸ் டே மணல்மேட்டில் சென்னைக்கு இடம் பிடித்ததற்கு முக்கியமான காரணமே, இந்தப் பக்கத்தில் துணி நயமாகவும் மலிவாகவும் கிடைத்ததுதான். அந்தத் துணி காஞ்சிபுரம், செங்கல்பட்டுச் சீமையின் தறிகளிலிருந்தும் போனது.

இங்கே ஒரு விஷயத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் கும்பினி கப்பலேற்றிய துணி பருத்தி. இன்று காஞ்சி என்றாலே பட்டு என்று உலகம் சொல்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துத் தறிகளில் முன்பு பெரும்பாலும் ஓடியது பருத்தி நூல். பட்டு இவ்வளவு பெரிய தொழிலானது பிற்பாடுதான்.

நடுவில் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. 1763இல் நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். வாலாஜா என்பது அவருடைய பட்டப்பெயர். வாலாஜாபாத் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பிறகு அங்கே வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கியிருந்தது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நடந்த சண்டையில் இறந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வைத்த நினைவுத்தூண்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்தச் சண்டைகளிலும் அவற்றைத் தொடர்ந்த பஞ்சத்திலும் இந்தச் சீமையே பாழானது. ஊரைவிட்டு ஓடிய குடியானவனுக்கும் தறிக்காரனுக்கும் எந்தத் தூணும் இல்லை.

அதற்கடுத்த அடி லங்காஷயரிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்க, பருத்தி நெய்தவர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஆலையால் எதை நெய்ய முடியவில்லையோ அதில்தான் கைத்தறி உயிர் பிழைத்தது. பட்டும் சரிகையும் அப்படி நம்மைக் காப்பாற்றியவை. கர்நாடகத்துப் பட்டு நூல், சூரத்துச் சரிகை, நம் ஊர்க் கை. நூல் மாறியது, தறி மாறவில்லை.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும்; பெரும்பாலும் அது வீட்டுப் பிள்ளையாகவோ மனைவியாகவோ இருக்கும். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கொக்கிபோல் பிடித்துக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பது சும்மா சொன்னதல்ல.

எங்கள் தெருக்கள் ஏன் நீளமாக, நேராக இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? தெருவும் ஒரு கருவிதான். ஒரு பாவு என்றால் வழக்கமாக மூன்று சேலைக்குக் காணும். அவ்வளவு நீளத்தையும் விடியற்காலையில் தெருவில் விரித்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டிவிட வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நாலு வீட்டு ஆட்கள் கை கொடுப்பார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லாத மரியாதை அது.

வீட்டுக்குள் குழித்தறி. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் வேலை நின்றுவிடும். அந்த நாட்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். கைத்தறியின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பட்டு நெய்த பல வீடுகளில் பட்டு உடுத்த வசதி இருந்ததில்லை.

மாட்டுப் பொங்கலுக்குப் பார்வேட்டை உற்சவம். காஞ்சி வரதராஜப் பெருமாள் எங்கள் சாலை வழியாகத்தான் பழையசீவரம் எழுந்தருளுகிறார். வழி நெடுக மண்டகப்படி. மலைமேல் இருந்துவிட்டு, லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போவார். அந்தத் திருமுக்கூடல் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டு. அங்கே பள்ளியும் பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவருபவர், நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இவர்களுக்கு என்ன கூலி, என்னென்ன மருந்து என்றெல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜாவின் வெற்றிகளோடு நிறுத்தாமல் வேலை செய்தவர்களையும் எழுதினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிது.

இன்னொரு முறையும் அப்படி எழுதப்பட்டது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரை அளந்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள். எத்தனை வீடு, எத்தனை ஏரி, யார் யார் என்ன தொழில் என்று ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய கணக்குகள் அதற்கு ஆதாரம். நெசவு செய்த வீடுகளும் அந்தக் கணக்குகளில் உண்டு.

இப்போது மூன்றாவது முறை எழுத வேண்டிய நேரம். காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985லேயே வந்தது. முதலில் 22 ரகம், பின்னால் 11 ஆகக் குறைந்தது. குறியீடும் சட்டமும் பெயரைக் காப்பாற்றலாம், கையைக் காப்பாற்றாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் காலையில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. போகட்டும். மாதச் சம்பளம், பி.எஃப்., முதுகு வலிக்காத வேலை. எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? ஆனால் புது வீடு கட்டும்போது தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டபின், அந்த வேலைக்கான சொற்களும் அதோடு மூடப்படுகின்றன.

இங்கிலாந்தில், லங்காஷயரில் பர்ன்லி பக்கத்தில் ஹார்லி சைக் என்று ஒரு சின்ன கிராமம். நம் தறியை ஆட்டிப் பார்த்த அதே லங்காஷயர்தான். அங்கே ஒரு நீராவித் தறிச்சாலை 1982இல் மூடப்பட்டது. அதைத் தறிகளோடும் நீராவி இயந்திரத்தோடும் அருங்காட்சியகமாக வைத்துக்கொண்டார்கள். ஜெயித்த ஆலையும் கடைசியில் மூடத்தான் மூடியது. ஆனால் தாங்கள் என்ன வேலை செய்தோம் என்பதை மறக்காமல் வைத்தார்கள்.

நம்மால் அவ்வளவு முடியாது என்றாலும் சிலது முடியும். அறுபதைத் தாண்டிய தறிக்காரர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். அச்சு, விழுது, நாடா, தார், படமரம் என்று ஒவ்வொரு சாமானின் பெயரையும் அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். மயில்கண், கோபுரக்கரை என்று அவர் நெய்த கரைகளின் பெயரை எழுதுங்கள். கோர்வை போடும்போது பேரனை விட்டுப் போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு குழித்தறியாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். தறி ஓடாத காலம் வந்தால்கூட, பேட்டை என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்குக் காட்ட ஏதாவது மிஞ்ச வேண்டும்.