அடுக்களை மொழியில் திருமறை

மதுரை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் பணியாற்றும் ஆயர்களுக்கு, ஒரே தெருவில் பல மொழிகள் வாழ்வது புதிய செய்தியன்று. தமிழுக்கு அருகே தெலுங்கும் கன்னடமும் சௌராட்டிரமும் இன்றும் பல இல்லங்களில் பேசப்படுகின்றன. இவற்றுள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. சௌராட்டிரம் வேறு குடும்பத்தது. நாம் பால், புலி, பல் என்று கூறுவனவற்றைக் கன்னடர் ஹாலு, ஹுலி, ஹல்லு என்பர். பகரம் ஹகரமான இம்மாற்றம் தற்செயலாக நிகழ்ந்ததன்று, ஒழுங்கு உடையது. இத்தகைய ஒழுங்குகளை ஆராய்ந்தே கால்டுவெல் 1856-இல் தமது திராவிட ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். ஐரோப்பாவில் யாக்கோபு கிரிம் முதலிய அறிஞர்கள் ஜெர்மானிய மொழிகளை ஆராய்ந்து வகுத்த நெறி அவருக்கு முன்னரே நிலைபெற்றிருந்தது. அந்த ஜெர்மானியக் குடும்பத்தின் இளைய மொழியாகிய ஆப்பிரிக்கான்சின் வரலாறு, தமிழ்க் கரையோடும் திருச்சபையின் மனச்சான்றோடும் தொடர்புடையது. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உடன்பிறப்புகள்

ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், டேனியம், சுவீடியம், ஆப்பிரிக்கான்ஸ் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. நீரை ஆங்கிலேயர் வாட்டர் என்பர். டச்சுக்காரரும் ஏறத்தாழ அவ்வாறே கூறுவர். ஜெர்மானியரோ வாசர் என்பர். 'திறந்த' என்னும் பொருளில் ஆங்கிலத்திலும் டச்சிலும் ஓப்பன் எனவும், ஜெர்மனில் ஒஃபன் எனவும் வழங்கும். பத்து என்னும் எண் ஆங்கிலத்தில் டென், டச்சில் டீன், ஜெர்மனில் ட்சேன். டகரமும் பகரமும் ஜெர்மனில் உரசொலிகளாக மாறின. ஆங்கிலமும் டச்சும் பழைய ஒலியைக் காத்தன. ஆகவே டச்சு மொழி ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் இடைப்பட்டதாகத் தோன்றுகிறது.

டச்சுக்கும் ஆப்பிரிக்கான்சுக்கும் உள்ள உறவு இதனினும் நெருங்கியது. ஒன்றை எழுத்தில் கற்றவர் மற்றதைப் பெரும்பாலும் வாசித்து உணர்ந்துகொள்வார். ஆயினும் இலக்கணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. டச்சில் 'இரு' என்னும் வினை, நான், நீ, நாம் என்னும் இடங்களுக்கேற்ப வடிவம் மாறும். ஆப்பிரிக்கான்சில் எல்லா இடத்துக்கும் ஒரே வடிவம். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான் என்பவற்றை மலையாளம் 'வந்நு' என ஒன்றாக்கியதுபோன்ற மாற்றம் இது. பெயர்ச்சொற்களின் பால் வேறுபாடும் அம்மொழியில் மறைந்துவிட்டது. எதிர்மறை வாக்கியத்தின் இறுதியில் 'இல்லை' என்னும் பொருள்படும் சொல் மீண்டும் ஒருமுறை வரும்.

சொற்களின் ஒற்றுமை ஒரு மொழியின் பிறப்பைக் காட்டும். வேற்றுமையோ, பிறந்தபின் அது யார் யார் நாவில் வளர்ந்தது என்பதைக் காட்டும்.

2. கரையிலிருந்து கேப்புக்கு

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையாகிய கேப்பில் ஒரு குடியேற்றத்தை நிறுவியது. அங்கே குடியேறியோரின் டச்சை, அந்நிலத்தின் பழங்குடியாராகிய கோய்கோய் மக்களும், பல நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் பேசத் தலைப்பட்டனர். அடிமை வாணிகம் நிறுத்தப்பெற்ற 1808 வரை, சுமார் 63,000 பேர் கேப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிடுகின்றனர். 'வங்காளத்தார்', 'மலபாரார்', 'கொறமண்டலத்தார்' என ஊரும் கரையுமே அவர்களுக்குப் பெயராயின.

அக்கம்பெனி 1658-இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. 1673-இல் தென்னகத்தில் நெடிய வறட்சி தொடங்கியது. அவ்வாண்டிலேயே மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையைக் கைப்பற்ற, பின்னர் மராத்தியரோடு போர் மூண்டது. பஞ்சமும் போரும் வரிச்சுமையும் ஒருங்கே தாக்கியபோது, உயிர் பிழைக்கத் தம்மையும் தம் மக்களையும் விற்கும் நிலைக்கு ஏழைகள் தள்ளப்பட்டனர். 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். கம்பெனியின் கப்பல் வழிகள் இலங்கையையும் பத்தாவியாவையும் கேப்பையும் இணைத்தன. தமிழ்க் கரையின் மக்கள் கேப்பை அடைந்ததும் அவ்வழிகளிலேயே.

அதே கம்பெனியின் ஊதியத்தில் யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஆயர் பிலிப்பு பால்தேயுஸ், 1672-இல் தாம் வெளியிட்ட டச்சு நூலில் தமிழ் எழுத்துகளையும் கர்த்தருடைய ஜெபத்தையும் ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். தமிழில் ஜெபம் அச்சேறிய மறு ஆண்டிலேயே, அத்தமிழைப் பேசிய ஏழைகள் விலைக்கு ஏற்றப்பட்டனர் என்பதைத் திருச்சபை வரலாறு கற்போர் சேர்த்தே கருத வேண்டும்.

டச்சுக்காரர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் துட்டு, கக்கூசு என்பவை நிலைத்துள்ளன. நம்முடைய கட்டில், போர்த்துக்கீசியர் வாயிலாக ஆப்பிரிக்கான்சில் 'காட்டெல்' ஆயிற்று. கறி 'கெரி' ஆயிற்று. நம் கூலியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் 'கூலி' என்னும் சொல்லோ, தென்னாப்பிரிக்காவில் இந்தியரை இழிக்கும் சொல்லாயிற்று.

3. இகழ்ச்சியிலிருந்து திருமறைக்கு

கேப்பின் ஆலயங்களில் 1637-இல் வெளியான டச்சுத் திருமறையே வாசிக்கப்பட்டது. வேலைக்காரரும் குழந்தைகளும் பேசிய மொழி 'அடுக்களை மொழி' என இகழப்பட்டது. அதனை முதன்முதல் எழுத்தில் வடித்தவருள் அடிமைகளின் வழிவந்த முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்கவர். 19-ஆம் நூற்றாண்டில் அரபு எழுத்தில் அம்மொழியை எழுதித் தம் பிள்ளைகளுக்குச் சமயம் கற்பித்தனர். ஆர்னோல்டஸ் பன்னேவிஸ் என்னும் ஆசிரியர், டச்சு விளங்காத கலப்பின மக்களுக்காகத் திருமறை இம்மொழியில் பெயர்க்கப்பட வேண்டும் என 1872-இல் வாதிட்டார். 1874-இல் பிரித்தானிய வெளிநாட்டு வேதாகமச் சங்கத்தை வேண்டினார். சங்கம் இசையவில்லை. முழுத் திருமறை 1933-இல்தான் வெளிவந்தது.

அதற்குள் மொழியின் உரிமை கைமாறிவிட்டது. வெள்ளையர் அதனைத் தம் இனத்தின் தனிச்சொத்தாக்கினர். அதை உருவாக்கியோரின் சந்ததியாரோ தனிச் சபைக்கு ஒதுக்கப்பட்டனர். 'சிலரின் பலவீனத்தை' முன்னிட்டுத் தனி வழிபாட்டுக்கு இடமளித்த கேப் டச்சுச் சீர்திருத்தச் சபையின் 1857-ஆம் ஆண்டுப் பேரவைத் தீர்மானமும், 1881-இல் அமைந்த தனி மிஷன் சபையும் நிறவெறிக்கு வழிகோலின. 1976 ஜூன் 16 அன்று, ஆப்பிரிக்கான்ஸ் கட்டாயப் பயிற்று மொழியானதை எதிர்த்துச் சொவேட்டோ மாணவர் ஊர்வலம் சென்றபோது காவலர் சுட்டனர்.

எனினும் அம்மொழியின் இறுதிச் சொல் அதுவன்று. தள்ளிவைக்கப்பட்ட அந்த மிஷன் சபையே 1982-இல் பெல்கார் விசுவாச அறிக்கையை ஆப்பிரிக்கான்சில் வரைந்து, 1986-இல் ஏற்றது. நிறத்தின்படி சபையைப் பிரிப்பது நற்செய்திக்கு மாறானது என்றும், கடவுள் ஏழைகள், ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்பவர் என்றும் அவ்வறிக்கை சாற்றுகிறது.

4. நமக்கு

தமிழகத்திலும் சேரிப் பேச்சு, கொச்சை என ஒதுக்கப்பட்ட வழக்குகள் உள்ளன. சாதியின்படி பிரிந்த சபைகளும் கல்லறைகளும் உள்ளன. மதுரை அரசரடியில் இறையியல் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), உழைக்கும் மக்களின் பேச்சிலும் நாட்டுப்புற இசையிலும் வழிபாட்டுப் பாடல்களை அமைத்தார். அது இசைச் சீர்திருத்தம் மட்டுமன்று. மொழிக்கு உரியவர் யார் என்னும் கேள்விக்கு அளித்த விடையாகும். ஆனால் பாட்டில் அவர்கள் பேச்சை ஏற்றுக்கொண்டு, ஆலோசனைக் குழுவிலும் திருவிருந்துப் பந்தியிலும் அவர்களுக்குரிய இடத்தை மறுத்தால், கேப்பின் தவறு இங்கும் தொடரும். இவ்விரண்டையும் சேர்த்தே நம் சபைகள் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.