கம்ப்யூட்டர் சூட்டைக் காட்டும் ஆப்பை 'வைரஸ்' என்கிறதா விண்டோஸ்? தப்பான எண்கள் வருகிறதா? என்ன செய்யணும்?

கம்ப்யூட்டரின் புராசஸர் எவ்வளவு சூடாகிறது, ஃபேன் என்ன வேகத்தில் சுற்றுகிறது, எஸ்எஸ்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்பதையெல்லாம் காட்டும் இலவச சாஃப்ட்வேர்கள் நிறைய இருக்கின்றன. ஹெச்டபிள்யூ இன்ஃபோ, ஹெச்டபிள்யூ மானிட்டர், கோர் டெம்ப், எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர், ஃபேன் கன்ட்ரோல் ஆகியவை அவற்றில் பலரும் பயன்படுத்துபவை.

ஆனால், நேற்று வரை ஒழுங்காக ஓடிய ஆப் திடீரென வெறும் கோடுகளைக் காட்டும். 127 டிகிரி என்று பயமுறுத்தும். சில நேரம் விண்டோஸே அதை வைரஸ் என்று சொல்லித் தூக்கிவிடும். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் இரண்டு வகையில் நஷ்டம். ஒன்று, நல்ல மதர்போர்டைக் கெட்டுப்போனதாக நினைத்து செலவு செய்வது. இன்னொன்று, ஒரு எண்ணைப் பார்ப்பதற்காக ஆன்டிவைரஸையே ஆஃப் செய்து கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிடுவது.

என்னென்ன பிரச்னைகள் வரும், எதை எப்படிச் சரிசெய்யலாம் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

இந்த சாஃப்ட்வேர்கள் எதுவும் சூட்டைத் தானாக அளப்பதில்லை. ஹார்டுவேரில் ஏற்கெனவே இருக்கும் சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டுகின்றன. அவ்வளவுதான்.

சிபியு சூடு, சிப்புக்கு உள்ளேயே இருக்கும் சென்சாரிலிருந்து வருகிறது. ஃபேன் வேகம், வோல்டேஜ் போன்றவை மதர்போர்டில் இருக்கும் 'சூப்பர் ஐ/ஓ' என்ற தனி சிப்பிலிருந்து வருகின்றன. நூவோட்டான், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் இந்த சிப்புகளைத் தயாரிக்கின்றன. லேப்டாப்பில் இந்த வேலையை 'எம்பெடட் கன்ட்ரோலர்' பார்க்கிறது. கிராஃபிக்ஸ் கார்டின் விவரங்களை என்விடியா, ஏஎம்டி நிறுவனங்களின் டிரைவர் தருகிறது. எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் விவரங்கள் 'ஸ்மார்ட்' எனப்படும் பதிவிலிருந்து எடுக்கப்படுகின்றன.

நான்கும் நான்கு வழி என்பதால், ஒரு எண் மட்டும் தப்பாக வந்தால் அந்த ஒரு வழியில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். எல்லா எண்களும் ஒரேயடியாகக் காணாமல் போனால், டிரைவர் தடுக்கப்பட்டிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பிரச்னை 1: 'வைரஸ்' என்று டிஃபென்டர் தடுக்கிறது

சிபியு சென்சாரைப் படிக்க சாதாரண ஆப்புக்கு அனுமதி கிடையாது. அதற்கு விண்டோஸின் அடித்தளமான 'கெர்னல்' வரை போக வேண்டும். அங்கே போய்வர ஒரு டிரைவர் தேவை. பல ஆண்டுகளாக நிறைய இலவச ஆப்கள் இதற்காக 'வின்ரிங்0' என்ற ஒரே டிரைவரைத்தான் பயன்படுத்தி வந்தன.

சிக்கல் என்னவென்றால், இந்த டிரைவர் தன்னிடம் கேட்பது யார் என்று பார்ப்பதில்லை. சூட்டைப் படிக்கும் ஆப் கேட்டாலும் கதவைத் திறக்கும், திருட்டு சாஃப்ட்வேர் கேட்டாலும் திறக்கும். 2020-ல் இவிஜிஏ நிறுவனத்தின் பிரிசிஷன் எக்ஸ்1 சாஃப்ட்வேரில் இருந்த வின்ரிங்0 டிரைவரில் இந்த ஓட்டை பதிவு செய்யப்பட்டது. அதன் எண் சிவிஇ-2020-14979. குறைந்த அனுமதி உள்ள ஒரு புரோகிராம்கூட இதன் வழியாக முழு கம்ப்யூட்டரையும் கைப்பற்றும் அளவுக்கு உயர முடியும் என்பதுதான் இதன் ஆபத்து.

இது ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. 2024 நவம்பரில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'ஸ்டீல்ஃபாக்ஸ்' என்ற மால்வேர் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஃபாக்ஸிட் பிடிஎஃப் எடிட்டர், ஆட்டோகேட் போன்ற கட்டண சாஃப்ட்வேர்களை ஓசியில் ஆக்டிவேட் செய்யும் 'கிராக்' என்ற பெயரில் பரவிய இந்த மால்வேர், உள்ளே நுழைந்ததும் வின்ரிங்0 டிரைவரைப் பயன்படுத்தித்தான் தன் அனுமதியை உயர்த்திக்கொண்டது. பிறகு கார்டு விவரங்களைத் திருடுவது, கிரிப்டோ மைனிங் செய்வது என இரண்டு வேலையையும் பார்த்தது.

இந்நிலையில், 2025 மார்ச் மாதத்தில் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் இந்த டிரைவரைக் கண்டவுடன் எச்சரித்துத் தடுக்கத் தொடங்கியது. ஃபேன் கன்ட்ரோல், லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர் போன்ற ஆப்களைப் பயன்படுத்தியவர்களுக்கு 'வின்ரிங்0' என்ற பெயருடன் எச்சரிக்கை வந்தது. இதனால் பலரும் குழம்பினார்கள். ஆப் வைரஸா என்றால் இல்லை. அப்படியானால் டிஃபென்டர் பொய் சொல்கிறதா என்றால் அதுவும் இல்லை. ஆப் நல்லதுதான், அது கையோடு கொண்டுவரும் டிரைவரில்தான் ஓட்டை.

சரி, என்ன செய்யணும்?

முதலில், விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் 'புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி'யைப் பாருங்கள். அதில் வின்ரிங்0 என்ற பெயர் இருந்தால் விஷயம் இதுதான். வேறு பெயர் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் முழு ஸ்கேன் ஓட விடுங்கள்.

அடுத்து, பழைய பதிப்பை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஆப்பின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து புதிய பதிப்பை டவுன்லோட் செய்யுங்கள். லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர், ஃபேன் கன்ட்ரோல் இரண்டுமே 2025-ல் 'பான்ஐஓ' என்ற வேறு டிரைவருக்கு மாறிவிட்டன. கையெழுத்திட்ட சிறு மாட்யூல்கள் வழியாக மட்டுமே ஹார்டுவேரைத் தொட அனுமதிப்பதால், யார் வந்தாலும் கதவைத் திறக்கும் பழைய நிலைமை இதில் கிடையாது.

செய்யவே கூடாதது, டிஃபென்டரை ஆஃப் செய்வது. அதேபோல் வின்ரிங்0 ஃபைலை 'அலோ' கொடுத்து வைத்துக்கொள்வதும் நல்லதல்ல. இந்த ஆப்பை நீங்கள் திறக்காவிட்டாலும், அந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தால் வேறொரு மால்வேர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஃபேன் கன்ட்ரோல் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிரைவர் நடுவில் தடுக்கப்பட்டால், சூடு ஏறினாலும் ஃபேன் வேகத்தைக் கூட்ட ஆப்பால் முடியாது. எனவே பயாஸில் ஃபேன் வேகத்துக்கு ஒரு பாதுகாப்பான செட்டிங் வைத்துவிட்டு, அதற்கு மேல்தான் ஆப்பை நம்ப வேண்டும்.

பிரச்னை 2: ஆப் திறக்கிறது, சிபியு சூடு மட்டும் வரவில்லை

டிஃபென்டர் தவிர, விண்டோஸ் 11-ல் ஆபத்தான டிரைவர்களின் தடைப்பட்டியல் ஒன்றும் இருக்கிறது. 2022 அப்டேட்டிலிருந்து இது எல்லா கம்ப்யூட்டர்களிலும் தானாகவே ஆன் ஆகியிருக்கும். 'கோர் ஐசொலேஷன்' பகுதியில் உள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி'யும் பழைய டிரைவர்களைத் தடுக்கும். இதற்கும் தீர்வு ஆப்பை அப்டேட் செய்வதுதான், பாதுகாப்பை ஆஃப் செய்வது அல்ல.

இன்னும் இரண்டு சாதாரண காரணங்களும் உண்டு. ஆப்பை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்காவிட்டால் டிரைவர் ஏறாது. கம்ப்யூட்டர் புதுசாகவும் ஆப் பழசாகவும் இருந்தால், புது சிப்பை ஆப்புக்கு அடையாளம் தெரியாது. வேலரண்ட் போன்ற கேம்களோடு வரும் ஆன்டி-சீட் சாஃப்ட்வேரும் இப்படிப்பட்ட டிரைவர்களைத் தடுப்பதுண்டு.

டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாமே என்றால், அதில் தனி கிராஃபிக்ஸ் கார்டின் சூடு 2020 மே அப்டேட்டிலிருந்து தெரிகிறது. சிபியு சூட்டை அது காட்டுவதில்லை. அவசரத்துக்கு பயாஸுக்குள் போய்ப் பார்க்கலாம். ஆனால் பயாஸில் இருக்கும்போது சிபியு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிலைக்குப் போகாது. எனவே விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட அங்கே கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

பிரச்னை 3: நம்ப முடியாத எண்கள்

127 டிகிரி, 255 டிகிரி, மைனஸ் 128 டிகிரி போன்ற எண்களைப் பார்த்தால் பதற வேண்டாம். எட்டு பிட்டில் எழுதக்கூடிய கடைக்கோடி எண்கள் இவை. மதர்போர்டில் சென்சார் இணைக்கப்படாத இடத்தை ஆப் படித்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்த வரியை ஆப்பிலேயே மறைத்துவிடலாம்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. அறையின் சூடு 35 டிகிரி இருக்கும்போது சிபியு 28 டிகிரி என்று காட்டினால் அது உண்மையாக இருக்க முடியாது. ஃபேன் வைத்தாலும் சாதாரண வாட்டர் கூலிங் வைத்தாலும், அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. இன்டெல் சிபியுவின் சென்சார், 'அதிகபட்ச எல்லையை எட்ட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி' என்பதைத்தான் சொல்லும். அந்த எல்லை பல மாடல்களில் 100 டிகிரி. அதிலிருந்து கழித்துத்தான் ஆப் கணக்கு போடுகிறது. எல்லையை ஆப் தப்பாக எடுத்துக்கொண்டால் எல்லா எண்களும் சேர்ந்தே தப்பாகும். அதோடு, இந்த சென்சார்கள் சூடு அதிகமாக இருக்கும்போது துல்லியமாகவும், குறைவாக இருக்கும்போது சற்று முன்பின்னாகவும் காட்டக்கூடியவை.

ஏஎம்டியில் ஒரு பழைய கதை இருக்கிறது. 2017-ல் வந்த ரைஸன் 1600எக்ஸ், 1700எக்ஸ், 1800எக்ஸ் மாடல்கள் நிஜ சூட்டோடு 20 டிகிரி கூட்டித்தான் வெளியே சொல்லும். ஃபேன் வேகம் எல்லா மாடல்களிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக ஏஎம்டியே வைத்த கணக்கு இது. 2017 மார்ச்சில் அந்த நிறுவனமே இதற்கு விளக்கமும் கொடுத்தது. பழைய ஆப்பில் இந்த மாடல்கள் 75 டிகிரி என்று காட்டினால், நிஜம் 55 ஆக இருக்கலாம்.

வோல்டேஜிலும் இதே கூத்து நடக்கும். 12 வோல்ட் லைன் 8 வோல்ட் என்று காட்டும். நிஜமாகவே 8 வோல்ட் என்றால் கம்ப்யூட்டர் ஆன்கூட ஆகாது. மதர்போர்டு நிறுவனம் எந்த லைனை எந்த விகிதத்தில் குறைத்து சென்சாருக்கு அனுப்புகிறது என்பது ஆப்புக்குத் தெரியாததால் வரும் தப்பு இது. 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பவர் சப்ளையை மாற்றும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரச்னை 4: இரண்டு ஆப், இரண்டு எண்

ஒரு ஆப்பில் 62, இன்னொன்றில் 78. எது சரி? பெரும்பாலும் இரண்டுமே சரி. ஒன்று சராசரியைக் காட்டும், இன்னொன்று அதிக சூடான கோரைக் காட்டும். கிராஃபிக்ஸ் கார்டிலும் சாதாரண சூடு வேறு, 'ஹாட்ஸ்பாட்' எனப்படும் அதிகபட்ச இடத்தின் சூடு வேறு. வரியின் பெயரைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

ஆனால் இரண்டு மூன்று மானிட்டரிங் ஆப்களை ஒரே நேரத்தில் ஓடவிடுவது நிஜமாகவே பிரச்னை தரும். சூப்பர் ஐ/ஓ சிப்பிடம் முதலில் 'எந்தத் தகவல் வேண்டும்' என்று சொல்லிவிட்டு, பிறகு பதிலைப் படிக்க வேண்டும். ஒரு ஆப் கேட்டுவிட்டுப் படிப்பதற்குள் இன்னொன்று குறுக்கே கேட்டால், பதில் மாறிப்போகும். திடீர் திடீரென ஒரு விநாடி மட்டும் எண் எகிறிக் குதிப்பதற்கு இதுவும் காரணம். மதர்போர்டு நிறுவனத்தின் சாஃப்ட்வேர், ஆர்ஜிபி லைட் சாஃப்ட்வேர் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும். எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள்.

பிரச்னை 5: ஃபேன் 0 ஆர்பிஎம்

கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் 0 காட்டினால் முதலில் சூட்டைப் பாருங்கள். பல கார்டுகளில் சூடு குறைவாக இருக்கும்போது ஃபேன் தானாகவே நின்றுவிடும். கேம் திறந்ததும் சுற்றத் தொடங்கினால் கவலை இல்லை.

கேபினெட் ஃபேன் கண்ணெதிரே சுற்றியும் 0 காட்டினால், அதை நேரடியாக பவர் சப்ளையிலோ, ஹப்பிலோ மாட்டியிருக்கலாம். வேகத்தைச் சொல்லும் ஒயர் மதர்போர்டுக்குப் போகாவிட்டால் ஆப்புக்கு ஒன்றும் தெரியாது. வேகம் சரியாகப் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ காட்டினால் அது கணக்குப் பிழை. ஃபேன் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும் என்ற அடிப்படையில்தான் ஆர்பிஎம் கணக்கிடப்படுகிறது.

சிபியு ஃபேன் 0 காட்டி, சூடும் ஏறிக்கொண்டே போனால் மட்டும் உடனே ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

பிரச்னை 6: டெஸ்க்டாப்பில் வைத்த எண்கள் பாதியில் நிற்கின்றன

ரெயின்மீட்டர் போன்ற ஆப்களில் ஹெச்டபிள்யூ இன்ஃபோவின் எண்களை டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. இலவசப் பதிப்பில் 'ஷேர்டு மெமரி' வசதி 12 மணி நேரம்தான் ஓடும். பிறகு மறுபடியும் ஆன் செய்ய வேண்டும். கோளாறு எதுவும் இல்லை, நிறுவனம் வைத்த வரம்பு இது. வெளியே யுஎஸ்பியில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கின் சூடு தெரியவில்லை என்றால், அந்த யுஎஸ்பி பெட்டி 'ஸ்மார்ட்' தகவலைக் கடத்தாமல் இருக்கலாம்.

ஆப் சொல்வது உண்மையாகவே இருந்தால்?

எல்லாம் சரிபார்த்தும் சூடு அதிகமாகத்தான் இருக்கிறது என்றால், அந்த மாடலுக்கு அது சகஜமா என்று பாருங்கள். ரைஸன் 7000 வரிசையில் பல மாடல்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஹெச்டபிள்யூ இன்ஃபோவில் 'தெர்மல் த்ராட்லிங்' என்ற வரி 'எஸ்' என்று காட்டினால், சூடு தாங்காமல் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து அறிகுறிகளும் துணைக்கு வரும். கொஞ்ச நேரம் கேம் ஆடியதும் வேகம் குறைகிறது, ஃபேன் இரைகிறது, கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகிறது என்றால் எண்ணைச் சந்தேகப்படாமல் தூசியைத் துடைப்பதிலிருந்து தொடங்கலாம். அடுத்தது ஹீட்சிங்க் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஆப்பின் பெயர், பதிப்பு எண், சும்மா இருக்கும்போது வரும் சூடு, வேலை செய்யும்போது வரும் சூடு, அறையின் சூடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள். இந்த விவரம் கையில் இருந்தால், மதர்போர்டையே மாத்தணும் என்று சொல்பவரிடம் எந்த எண்ணை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க முடியும்.