மதாஃ: ஃபிக்ஹ் நூலும் நீதிமன்றமும்

தலாக் விடப்பட்ட பெண்களுக்கு நன்முறையில் ‘மதாஃ’ வழங்கப்பட வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 241ஆம் வசனம் தரும் கட்டளை. இத்தா காலத்து நஃபகா வேறு, மஹர் வேறு, இது வேறு. இது கடமையா, அளவு எவ்வளவு என்பனவே வழக்காயின.

இந்தூரைச் சேர்ந்த ஷா பானுவுக்குக் கீழமை நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் மாதம் 25 ரூபாய். உயர்நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்திற்று. உச்சநீதிமன்றம் 1985 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. அவ்வழக்கில் முஸ்லிம் தனியார் சட்ட வாரியத்தின் தரப்பு, வசனம் ‘முத்தகீன்’களையே விளிப்பதால் மதாஃ அனைவர்க்கும் கடமையாகாது என வாதிட்டது.

ஹனஃபி மத்ஹபில் இவ்வாதத்திற்கு இடமுண்டு. கூடி வாழ்ந்தபின் தலாக் பெற்றவளுக்கு மதாஃ வழங்குவது அங்கு முஸ்தஹப்பு மட்டுமே. ஆனால் காயல்பட்டினமும் கீழக்கரையும் வழிவழியாகப் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நிலை வேறு. இமாம் நவவீயின் ‘மின்ஹாஜ்’, மேலோங்கிய கூற்றின்படி, அவளுக்கும் அது வாஜிபு என்கிறது. முப்பது திர்ஹத்திற்குக் குறையாதிருத்தல் நலம்; இருவரும் பிணங்கினால் காழி இருவர் நிலையையும் கருதித் தம் மதிப்பீட்டால் தொகை குறிப்பார். இக்கருத்து 1985இல் முன்னிற்காமற் போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள், 1791இல் ஹாமில்டன் ஆங்கிலமாக்கிய ஹனஃபி நூலான ‘ஹிதாயா’வையே பெரிதும் சார்ந்திருந்தன.

1986ஆம் ஆண்டுச் சட்டம், நியாயமான ஏற்பாடும் ஜீவனாம்சமும் ‘இத்தா காலத்திற்குள்’ தரப்பட வேண்டும் என்றது. தொகை இத்தாவோடு முடிந்துவிடும் என்றே பலரும் கொண்டனர். 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் ஐவர் அமர்வு வேறு பொருள் கண்டது: கொடுக்க வேண்டிய கெடுவே இத்தா, ஏற்பாடோ அவளுடைய எதிர்காலத்துக்கும் உரியது. அவளுடைய தேவை, மணவாழ்வில் அவள் கண்ட வாழ்க்கைத்தரம், முன்னாள் கணவனின் வசதி ஆகியவற்றை நீதிபதி எடைபோட வேண்டும் என்பது அச்சட்டத்திலேயே உள்ளது. மின்ஹாஜின் காழிக்கு இது புதிதன்று. ஆயினும் வாழ்நாள் ஏற்பாட்டை முப்பது திர்ஹத்தோடு ஒன்றெனக் கூறிவிட இயலாது. அவ்வளவு தூரம் நம் நூல்கள் செல்லவில்லை.

2024 ஜூலையில் உச்சநீதிமன்றம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் இப்பெண்களுக்குத் திறந்தே உள்ளது எனத் தீர்ப்பளித்தது. மின்ஹாஜின் இப்பகுதியை நாம் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கிறோம். தலாக் பேசும் சபைகளில் மஹரையும் இத்தா செலவையும் கேட்பார் உண்டு. மதாஃ எங்கே என்று கேட்டவரை நான் கண்டது அரிது.