விந்தணு

விந்தணு என்பது பாலியல் முறையில் இனப்பெருக்கம் செய்யும் உயிரினங்களில் ஆணின் உடலில் உருவாகும் இனப்பெருக்க உயிரணு ஆகும். இது சூல்முட்டையுடன் இணைவதே கருக்கட்டல் எனப்படுகின்றது. மனித விந்தணு தானே நகரும் ஆற்றல் உடையது. ஆனால் அதனால் பிரிந்து பெருக இயலாது. தனக்கு ஏற்படும் பழுதுகளைச் சரிசெய்யும் திறனும் மிகக் குறைவு. எனவே அதன் வாழ்நாள் அது இருக்கும் சூழலைப் பொறுத்தே அமைகின்றது. காற்றில் உலர்ந்தால் உடனே இறந்துவிடும் இவ்வணு, பெண்ணின் உடலினுள் ஐந்து நாட்கள் வரையும், உறைநிலையில் பல ஆண்டுகளும் உயிர்ப்புடன் இருக்கக்கூடும்.

கண்டுபிடிப்பு

1677 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த அந்தோனி வான் லீவன்ஹூக், தாம் உருவாக்கிய நுண்நோக்கியின் மூலம் விந்தணுக்களைக் கண்டு, இலண்டன் அரச கழகத்துக்குக் கடிதம் எழுதினார். யோகான் ஹாம் என்னும் மாணவர் கொண்டுவந்த மாதிரியே இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது. எனினும் விந்தணுவின் பணி நீண்டகாலம் தெளிவாகவில்லை. 1876 இல் செருமானிய அறிவியலாளர் ஆசுக்கார் எர்ட்விக், கடல் முள்ளெலிகளில் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றிணைவதை விளக்கினார்.

அமைப்பு

மனித விந்தணுவின் நீளம் ஏறத்தாழ 50 முதல் 60 மைக்ரோமீட்டர் ஆகும். இது மூன்று முதன்மைப் பகுதிகளைக் கொண்டது.

தலை: நீள்வட்ட வடிவானது. இதிலுள்ள உட்கருவில் 23 நிறப்புரிகள் செறிவாக அடங்கியுள்ளன. அவற்றுள் ஒன்று எக்சு அல்லது ஒய் நிறப்புரி ஆகும். தலையின் முன்பகுதியை மூடியுள்ள அக்ரோசோம் என்னும் உறையிலுள்ள நொதிகள், முட்டையின் வெளியுறையை ஊடுருவ உதவுகின்றன.

நடுப்பகுதி: இங்கே இழைமணிகள் சுருளாக அடுக்கப்பட்டுள்ளன. இவை நகர்வுக்குத் தேவையான ஆற்றலை வழங்குகின்றன.

வால்: சவுக்கைப் போல அசைந்து விந்தணுவை முன்னோக்கிச் செலுத்துகின்றது.

உருவாக்கம்

விந்தணுக்கள் விந்தகங்களில் உள்ள நுண்குழல்களில் பூப்புப் பருவம் முதல் தொடர்ச்சியாக உருவாகின்றன. உடல் வெப்பநிலையை விட 2 முதல் 4 பாகை செல்சியசு குறைவான வெப்பநிலை இதற்குத் தேவைப்படுவதால், விந்தகங்கள் உடலுக்கு வெளியே விதைப்பையில் அமைந்துள்ளன. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. பின்னர் எபிடிடைமிஸ் என்னும் சுருண்ட குழலில் தங்கி, நகரும் திறனைப் பெறுகின்றது. இதனால் கடுமையான காய்ச்சலின் விளைவு, இரண்டு மூன்று மாதங்கள் கழித்தும் விந்துப் பரிசோதனையில் தென்படலாம்.

பெண்ணின் உடலினுள் வாழ்நாள்

யோனியின் அமிலத்தன்மை விந்தணுவுக்கு ஏற்றதன்று. விந்துப் பாய்மத்தின் காரத்தன்மை அதனைச் சிறிது நேரம் காக்கின்றது. அதற்குள் கருப்பை வாயை அடையாத விந்தணுக்களுள் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் இறந்துவிடுகின்றன. முட்டை வெளிப்படும் நாட்களை ஒட்டிக் கருப்பை வாயில் சுரக்கும் மெல்லிய சளி, விந்தணுக்கள் உட்செல்ல வழிவிடுகின்றது. அங்கும் பலோப்பியன் குழாய்களிலும் அவை ஐந்து நாட்கள் வரை வாழக்கூடும்.

இதற்கு மாறாகச் சூல்முட்டை வெளிப்பட்ட பின்னர் ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரமே கருக்கட்டலுக்கு ஏற்றதாக இருக்கும். ஆகவே முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் கருத்தரிக்க வாய்ப்புள்ள காலம் ஆகும். நாட்களைக் கணக்கிட்டுக் கருத்தரிப்பைத் தவிர்க்கும் முறை பலருக்கும் பிழைத்துப்போவதற்கு இந்நீண்ட வாழ்நாளும், முட்டை வெளிப்படும் நாள் மாதந்தோறும் மாறக்கூடியதாக இருப்பதும் முக்கிய காரணங்களாகும்.

உடலுக்கு வெளியே வாழ்நாள்

உடலுக்கு வெளியே விந்தணுவின் முதன்மையான எதிரி வறட்சி. துணி, தோல், தரை போன்ற பரப்புகளில் விந்து உலர்ந்ததும் விந்தணுக்கள் இறக்கின்றன. மீண்டும் நனைத்தாலும் அவை உயிர்பெறுவதில்லை. சாதாரண நீரில் உப்புச்செறிவு குறைவாதலால், நீர் உட்புகுந்து விந்தணு வீங்கி நகரும் திறனை இழக்கின்றது. சவர்க்காரமும் அதன் மென்சவ்வைச் சிதைக்கின்றது.

உலராமல் மூடிய கலத்தில் வைக்கப்பட்ட விந்தில் சில மணி நேரம் வரை அசைவு காணப்படலாம். ஆயினும் அது படிப்படியாகக் குறைவதால், பரிசோதனைக்கான மாதிரியை 20 முதல் 37 பாகை செல்சியசு வெப்பநிலையில் பேணி, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வைத் தொடங்குதல் வேண்டும்.

தவறான கருத்துகள்

கழிப்பறை இருக்கை, துவாலை, நீச்சல்குளம் ஆகியவற்றின் வழியே கருத்தரிக்கலாம் என்னும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. அதேவேளை, உலராத விந்து யோனியின் வாயிலில் பட்டால் கருத்தரிப்பு நிகழும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. விந்தணுக்கள் இறந்துவிடுவதால் நோய்க்கிருமிகளும் அழிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது, இரண்டும் வெவ்வேறானவை. ஆண் கருத்தடைச் சிகிச்சைக்குப் பின்னரும் குழாய்களில் எஞ்சிய விந்தணுக்கள் வெளிவரும். எனவே ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழித்துப் பரிசோதனையில் உறுதிசெய்யும் வரை வேறு கருத்தடை முறையும் தேவை.

உறைநிலைப் பாதுகாப்பு

1949 இல் இங்கிலாந்தில் பொல்ஜ், சிமித், பார்க்சு ஆகியோர், கிளிசரால் சேர்த்தால் விந்தணுக்கள் உறைதலைத் தாங்கும் எனக் காட்டினர். 1953 இல் ஐக்கிய அமெரிக்காவின் பஞ்ச், செர்மன் ஆகியோர், உறையவைத்து உருக்கிய மனித விந்தணுவால் கருத்தரிப்பு நிகழ்ந்ததை அறிவித்தனர். தற்போது விந்தணுக்கள் −196 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள திரவ நைதரசனில் சேமிக்கப்படுகின்றன. உறைதலின்போதும் உருகலின்போதும் ஒரு பகுதி விந்தணுக்கள் இறந்தாலும், எஞ்சியவை பல ஆண்டுகளுக்குப் பின்னரும் பயன்படுகின்றன.

புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் விந்தணு உருவாக்கத்தை நிலையாகவே நிறுத்திவிடக்கூடும். எனவே எதிர்காலத்தில் குழந்தை பெற விரும்பும் நோயாளர்கள், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே மருத்துவருடன் கலந்து விந்தணுக்களைச் சேமித்துவைத்தல் இயலும்.