உயரத்திலிருந்து எடுத்தவரின் பெயர்

மொன்றியல் துறைமுகத்துக்கு முதலில் வாய்த்த ட்ரோன் நோத்ர டாம் தேவாலயத்தின் கோபுரம்தான். 1840களின் தொடக்கத்தில் அதன் இரட்டைக் கோபுரங்கள் கட்டி முடிந்தன. 1856இல், துணி வியாபாரம் நொடித்துப்போய், ஸ்கொட்லாந்திலிருந்து கப்பலேறி வந்து இங்கே ஸ்ரூடியோ திறந்தவர் வில்லியம் நொட்மன். அவருடைய ஸ்ரூடியோ அந்த உயரத்திலிருந்து நகரத்தையும் ஆற்றையும் படம் பிடித்தது. அது ஈரத் தகட்டுக் காலம். மருந்து பூசிய கண்ணாடி காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் விடவேண்டும். இருட்டறை பக்கத்திலேயே இருக்கவேண்டும். கனத்த கமராவோடு இத்தனையையும் செய்து முடித்த பிறகு கிடைப்பது ஒரே ஒரு தகடு. 1858இல் கிராண்ட் ட்ரங்க் ரயில்வே விக்டோரியா பாலத்தின் கட்டுமானத்தைப் பதிவுசெய்யும் வேலையையும் அவருக்கே கொடுத்தது. இந்தக் காட்சிகளைப் பயணிகள் விரும்பி வாங்கினார்கள்.

விற்கக்கூடிய படம் என்றால் திருடக்கூடிய படமும்தான். வாங்கிய பிரதியைப் பலகையில் குத்தி, அதன்முன் இன்னொரு கமராவை நிறுத்தினால் போதும். அன்றைய டவுன்லோட் அதுதான். நொட்மனின் ஸ்ரூடியோவில் ஒவ்வொரு தகட்டுக்கும் ஓர் இலக்கம் இருந்தது. எடுத்த வரிசையிலேயே பிரதிகளை ஒட்டிவைத்த பெரிய பதிவேடுகளும் இருந்தன. திருடர்களுக்காக அல்ல, வாடிக்கையாளர் மறுபடி பிரதி கேட்டால் தேடி எடுப்பதற்காக வைத்தவை அவை. ஆனாலும் இன்று மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு படத்தைக் காட்டி, இது யாருடையது, எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்டால் பதில் வருவது அந்தப் பதிவேடுகளால்தான். என் தொழில் மொழியில் அதற்கு மெற்றாடேற்றா என்று பெயர்.

வானத்துக்கும் பெயருக்கும் உள்ள உறவில் பாரிஸ்காரர் நாடாரை விட்டுவிட முடியாது (நம் ஊர் நாடார் அல்ல, பிரெஞ்சுக்காரர்). 1858இல் பலூனில் ஏறி உலகின் முதல் வான்படத்தை எடுத்தவர் அவர். அதற்குச் சற்று முன்னர்தான், தன் புனைபெயரை எடுத்துப் பயன்படுத்திய சொந்தத் தம்பியோடு வழக்காடி வென்றிருந்தார். அந்த முதல் வான்படம் இன்று இல்லை. பெயர் இருக்கிறது.

பெயர் எழுதிவைத்தால் மட்டும் போதுமா? கமரா ஓர் இயந்திரம், முன்னால் இருப்பதை அது பதிகிறது, இதில் படைப்பாளி எங்கே வந்தார் என்று கேட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனவர் நம் மாகாணத்தில், கியூபெக் நகரத்தில் பிறந்த நெப்போலியன் சறோனி. நியூயோர்க்கில் அவர் எடுத்த ஒஸ்கார் வைல்டின் படத்தை ஓர் அச்சு நிறுவனம் 85,000 பிரதிகள் அடித்தது. 1884இல் தீர்ப்பு சறோனிக்குச் சாதகமாக வந்தது. வைல்டை உட்காரவைத்த விதம், உடை, ஒளியும் நிழலும் எல்லாம் சறோனியின் தெரிவு, ஆகவே படைப்பும் அவருடையது என்றது நீதிமன்றம்.

நிலக்காட்சி எடுப்பவருக்கு இந்த வாதம் முழுதாக உதவாது. சென் லோரன்ஸ் ஆற்றை நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல் வேறொரு அளவுகோலைச் சொன்னது: திறமையும் தீர்மானமும் செலவாகியிருந்தால் போதும். தானியக் களஞ்சியங்களுக்கு மேலே எந்த உயரத்தில் நிற்பது, பனி உருகும் எந்த விடியலில் பறப்பது, மணிக்கூண்டை எந்தப் பக்கமாகச் சுற்றுவது எல்லாமே இதில் அடங்கும் என்பது என் வாசிப்பு.

அந்தக் காலத்தில் கனடாவில் பதிப்புரிமை விவசாய அமைச்சின் பொறுப்பில் இருந்தது. கோதுமையும் கவிதையும் ஒரே வீட்டில்! 1895 முதல் 1924 வரை இங்கே உரிமை பதிந்த புகைப்படங்களின் பிரதி லண்டனுக்கு, பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனது. அப்படிச் சேர்ந்தவை நாலாயிரத்துக்கும் மேல். 2012இல் அவற்றை எண்மமாக்கி விக்கிமீடியாவில் ஏற்றத் தொடங்கினார்கள். களவு போகக்கூடாதென்று ஒப்படைத்த படங்களை இன்று எவரும் எடுத்துக்கொள்ளலாம். பதிந்தவரின் பெயரும் கூடவே வருகிறது.

இன்றைய பதிப்புரிமை அலுவலகம் படத்தைக் கேட்பதே இல்லை. தலைப்பையும் பெயரையும் பதிந்துகொண்டு ஒரு சான்றிதழ் தரும். அந்தக் காகிதத்தால் என்ன பயன் என்று நினைப்பவர்கள் மொன்றியல் ஓவியர் குளோட் றொபின்சனின் கதையைப் படிக்கவேண்டும். தன் சிறுவர் தொடருக்கு 1985இல் அவர் சான்றிதழ் பெற்றார். தயாரிப்பாளர் கிடைக்கவில்லை. 1995 செப்டெம்பரில் தொலைக்காட்சியைப் போட்டால், தன் பாத்திரங்களைப் போன்றவர்கள் வேறு பெயரில் நடமாடுகிறார்கள். சினார் நிறுவனத்துக்கும் மற்றவர்களுக்கும் எதிராக 1996இல் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் கடைசித் தீர்ப்பை வழங்கியது 2013 டிசம்பரில். துண்டு துண்டாக ஒப்பிடாமல் படைப்பை முழுமையாக வைத்துப் பார்க்கவேண்டும் என்றும் அது சொன்னது. வானொளிப்படக்காரர்களுக்கும் இது பெரிய பலம். நிறத்தை மாற்றி, இடம் வலமாகத் திருப்பி, பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் புதிய படைப்பாகிவிடாது.

காணொளியின் மூலையில் போடும் பெயரை ஓரம் வெட்டித் தூக்கிவிடுகிறார்கள். நடுவில் போட்டால் ஆறே மறைந்துபோகிறது. கோப்புக்குள் எழுதிய விபரங்களைப் பல சமூகத் தளங்கள் ஏற்றும்போதே உரித்துவிடுகின்றன. உரிமை மீறலை மறைக்க அப்படி அகற்றுவதைக் கனடியச் சட்டம் தடுக்கிறது. வணிகத்துக்குக் களவாடினால் ஒரு படைப்புக்கு 20,000 டொலர்வரை நட்டஈடு உண்டு. ஆனால் இணைய நிறுவனத்துக்கு அனுப்பும் முறைப்பாட்டை அது களவெடுத்தவருக்கு முன்னனுப்பினாலே போதும், அகற்றவேண்டியதில்லை. 2015இலிருந்து இதுதான் நடைமுறை. என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, சிறிய அளவை வெளியே விடுங்கள், வெட்டாத மூலக் கோப்பையும் ட்ரோனின் பறப்புப் பதிவையும் வீட்டில் வைத்திருங்கள் என்பதே. எந்த நாள், எந்த நிமிடம், எந்த உயரம் என்று அதில் இருக்கிறது. நொட்மனின் பதிவேடு அதுதான்.

நம்முடைய வாட்சப் குழுக்களில் நல்லூர்த் தேர் மேலிருந்து வருகிறது, எங்கள் ஊர்க் குளம் வருகிறது, எடுத்த பையனின் பெயர் வருவதில்லை. கோயில் மலர்களில் அதே காட்சி அட்டைப்படமாகிறது. அடியில் ‘நன்றி: இணையம்’. இணையம் கோபுரம் ஏறிப் படம் எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. இலங்கையும் கனடாவும் பேர்ண் உடன்படிக்கையில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் எடுத்த காணொளிக்கு மொன்றியலில் பதிவு ஏதும் வேண்டாம். எடுத்த நொடியிலிருந்தே உரிமை அந்தப் பையனுடையது, மலரை அச்சடிக்கிற நம் கடைத்தெருவிலும்கூட.