போர் உடைத்த கதைமொழி

பின்நவீனத்துவம் பாரிசிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற எண்ணம் தமிழ் வாசகரிடையே இன்றும் உண்டு. பெருங்கதையாடல்கள், அதாவது எல்லாவற்றையும் விளக்குவதாகச் சொல்லும் பெரிய கதைகள் மீதான அவநம்பிக்கை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோதார் அதை விளக்கியது 1979இல். தமிழில் அந்தக் கோட்பாடு பேசுபொருளானது எண்பதுகளில். ஆனால் அந்த அவநம்பிக்கை கோட்பாட்டுக்கு முன்பே தமிழரிடம் வந்துவிட்டது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரமே அதற்குச் சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில், சிகாமட்டிலிருந்து பின்வாங்கிய நேசப்படைகளைத் துரத்திக்கொண்டு ஜப்பானியர் இவ்வழியே தெற்கே இறங்கினர். அசைக்க முடியாதது எனப்பட்ட வெள்ளையர் ஆட்சி சில வாரங்களில் சரிந்தது. ஆசியா ஆசியருக்கே என்று முழங்கி வந்தவர்கள் மலாயாவின் தோட்டத் தமிழர்களைச் சயாம் ரயில்பாதை போடும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் அச்சடித்த பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்தது. முதலில் வந்த நோட்டுகளில் இருந்த வரிசை எண் பிறகு வந்தவற்றில் இல்லை. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம், முள்வேலி, உணவுக் கட்டுப்பாடு. 1964 செப்டம்பர் 2இல் சுமார் நூறு இந்தோனேசிய வான்குடைப் படையினர் லாபிஸ் அருகே இறங்கினர். ஒவ்வொரு தரப்பும் தன்னையே மீட்பர் என்றது. இத்தனை மீட்பர்களைக் கண்ட தலைமுறை எந்தக் கதையை முழுதாக நம்பும்?

அந்தக் கேள்விக்கு நாவல் வடிவம் தந்தவர் ப. சிங்காரம். 1938இல் இந்தோனேசியாவின் மேடானுக்குப் போய், போரைக் கடந்து, 1946இல் ஊர் திரும்பியவர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் நூலானது. ஜப்பானியர் மேடானில் நுழைவதில் தொடங்கும் அந்நாவல் நேர்கோட்டில் செல்வதில்லை. நனவோடை குறுக்கிடுகிறது, மதுக்கடை வாதத்தில் தமிழ்ப் பெருமிதம் கேலிக்குள்ளாகிறது, பழந்தமிழ் நடை பகடியாகிறது. அதே போரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் குண்டுவீச்சில் பிழைத்த அமெரிக்க எழுத்தாளர் வானகட் 1969இல் காலத்தைச் சிதறடித்து எழுதிய நாவலும் இதே வகைப் பட்டறிவில் விளைந்ததே. சிங்காரத்துக்குக் கோட்பாடு தெரியாதே என்பார்கள். தெரிய வேண்டியதில்லை, அவர் வாழ்ந்த காலத்தின் அனுபவமே அந்த வடிவத்தைக் கேட்டது.

வலுவான மறுப்பு வேறொன்று. மலேசிய எழுத்தாளர்களான ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் அதே போரின் நாவல்கள், இரண்டுமே யதார்த்தவாதம். அப்படியானால் போர்தான் கதையை உடைத்தது என்பது பொருந்துமா? போர் மட்டும் உடைக்கவில்லை என்பதை ஏற்கிறேன். மரண ரயிலில் மாண்ட தமிழர் பற்றி நெடுங்காலம் பேச்சே இல்லை. மௌனம் நிலவும் இடத்தில் எழுத்தாளனின் முதல் கடமை சாட்சியம்; சாட்சியத்துக்கு நேரான மொழியே தகும். அதிகாரக் குரல்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு பெருகும் இடத்தில்தான் கதை உடைகிறது. ஈழப் போர்க்காலத்தில் வெளிவந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) அகதி விண்ணப்பத்தையே நாவலின் வாசலாக்கியது அதனால்தான்: அரசும் போராளி இயக்கமும் ஆளுக்கொரு உண்மை சொன்ன இடத்தில், விண்ணப்பதாரர் தன் உயிருக்கே ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

லாபிஸில் அதிகாரக் குரல், மௌனம் என்ற இரண்டு நிலைகளும் உண்டு. 1964 தரையிறக்கம் படைப்பிரிவுகளின் வரலாறுகளில் இடம்பெற்றிருக்கிறது. சுற்றியிருந்த தோட்ட மக்களின் குரல் அவற்றில் அரிது. இங்கிருந்து எழுத வருபவர் முதலில் அந்தச் சாட்சியத்தைத் திரட்ட வேண்டும். அது இல்லாமல் வடிவத்தை மட்டும் உடைத்தால் எஞ்சுவது வெறும் உத்தி.